ஒரே வீடு, பல அடுப்பு: பல ஊர் ஆட்களைச் சேர்த்து வேலை நடத்துவது எப்படி?

முகப்புத்திண்ணை (இழையைத் தொடங்கியவர்) | சனி, இரவு 9:40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிவில் இன்ஜினியர். சொந்த ஊர் காரைக்குடி பக்கம். பதினான்கு மாதமாகக் கானாடுகாத்தானுக்கு அருகில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்குப் பொறுப்பாக இருக்கிறேன். விருந்தினர் தங்கும் விடுதியாக மாற்றப் போகிறார்கள். முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு (அதற்குப் பின்னால் உள்ள பகுதி), அடுப்படி என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு.

ஆட்கள்: உள்ளூர்க் கொத்தனார்கள் ஒன்பது பேர். மேற்கு வங்காளத்து முர்ஷிதாபாத்திலிருந்து வந்த கொத்தனார்கள் ஆறு பேர். சுண்ணாம்புப் பூச்சுக்கு ஜெய்ப்பூர்க்காரர்கள் மூன்று பேர். மரவேலைக்குத் தேவகோட்டைத் தச்சர்கள் இரண்டு பேர். ஆர்க்கிடெக்ட் பெங்களூர்க்காரர், கன்னடம் பேசுபவர். கட்டுமான ஆலோசகர் கொச்சி. உரிமையாளர்கள் நான்கு பங்காளிகள். அதில் ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் சென்னையில்.

போன மாதம் வளவின் மேற்குச் சுவரில் புதிதாகப் பூசிய சுண்ணாம்பு, பெரிய பெரிய தகடாக உரிந்து விழுந்துவிட்டது. ஏறக்குறைய 240 சதுர அடி. உடைத்துப் பார்த்தால், அடியில் யாரோ சிமெண்ட் வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. தரையிலிருந்து ஏறிய உப்பும் ஈரமும் அதன் பின்னால் தேங்கி, மேலே இருந்த சுண்ணாம்பைத் தள்ளிவிட்டது.

எனக்கு வலித்தது பணம் இல்லை. முர்ஷிதாபாத் ஆட்களில் ஒருவருக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. காலையில் அந்தச் சுவர் வேர்ப்பதை அவர் பார்த்திருக்கிறார். பூச்சுக்கு முந்தின திங்கட்கிழமைக் கூட்டத்தில், "ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று எல்லோரையும் கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள், அவரும்தான்.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்தவன் இல்லை. பொங்கலுக்கு எல்லோருக்கும் வேட்டி எடுத்துக் கொடுத்தேன். மாதம் ஒரு முறை பிரியாணி போட்டேன். ஜெய்ப்பூர்க்காரர்கள் மட்டும் ஏதாவது காரணம் சொல்லிச் சாப்பிடாமல் போய்விடுவார்கள். ஒரே குழு என்ற எண்ணத்தை எப்படிக் கொண்டுவருவது? பல ஊர்க்காரர்களை வைத்து வேலை நடத்தியவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்காளவாய் | சனி, இரவு 10:25

தம்பி, நான் நாற்பது வருசம் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவன். பேரன் செல்லில் தட்டுகிறான், நான் சொல்லச் சொல்ல.

முதல் கேள்வி. அந்த ஆறு பேர் பெயர் என்ன? இங்கே எழுத வேண்டாம், மனதுக்குள் சொல்லிப் பார். முட்டுகிறதா? உன் வருகைப் பதிவேட்டில் எப்படி எழுதியிருக்கிறது என்று நாளைக்குப் போய்ப் பார். நான் பார்த்த முக்கால்வாசி தளங்களில் "பெங்காலி 1, பெங்காலி 2" என்றுதான் இருக்கும். கூப்பிடுவது "ஏ, இந்திக்காரா" என்று. அவன் இந்திக்காரனே இல்லை. தெலுங்கன் என்று நம்மை யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்போமா?

அப்புறம் இந்தக் கூட்டம். கூட்டத்தில் வைத்துக் கேட்டால் எவன் சொல்வான்? தப்பைச் சொன்னால் பக்கத்தில் நிற்பவன் தப்பு செய்தான் என்று ஆகிறது. சுவரைப் பற்றிச் சுவர்கிட்டே போய்க் கேட்க வேண்டும். காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், அவனோடு தனியாக நடந்து போ. கையை வைத்துக் காட்டுவான். பாஷையே வேண்டாம்.

பாஷை என்றதும் ஒன்று நினைவு வருகிறது. ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நாம் "நூல்" என்கிறோம். எட்டு நூல் ஒரு இன்ச். முதன்முதலில் வங்காளத்து ஆள் என்னிடம் வேலைக்கு வந்தபோது அவன் "சூதோ, சூதோ" என்று கத்துகிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, சூது என்கிறானோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவன் பாஷையில் அதற்கும் நூல் என்றுதான் அர்த்தம். அளவும் அதே எட்டில் ஒன்று. அன்றைக்குப் பூராவும் "மூணு நூல்", "தீன் சூதோ" என்று மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வேலை பார்த்தோம். நீ போட்ட பிரியாணியைவிட அது பெரிய காரியம்.

நம் ஊர்ப் பூச்சுக்கு ஜெய்ப்பூரிலிருந்து ஆள் கொண்டுவந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம்.

ராத்திரிஷிப்ட் | ஞாயிறு, காலை 7:15

நான் காரைக்குடியில் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கும் மென்பொருள்காரி. சுண்ணாம்பு தெரியாது. ஆனால் தலையாட்டல் தெரியும்.

என் அணியில் ஜெர்மனியில் நான்கு பேர், கோலாலம்பூரில் மூன்று பேர், மற்றவர்கள் இங்கே. வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு மலேசியாக்காரர்களோடு வாராந்திரக் கூட்டம் வைத்திருந்தேன். அதில் இரண்டு பேர் எப்போதும் வீடியோவை அணைத்துவிட்டு, பேச்சே இல்லாமல் இருப்பார்கள். ஆர்வம் இல்லாதவர்கள் என்று மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து ஒருவர் வேறு ஏதோ பேச்சில் சொல்கிறார், அவர் பள்ளிவாசல் வாகன நிறுத்தத்திலிருந்து கலந்துகொள்கிறாராம். நமக்கு 11 என்றால் அவர்களுக்கு 1:30. வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட "நேரத்தை மாற்றுங்கள்" என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை. எனக்கு வசதியான நேரம், அதனால் அது எனக்கு ஒரு நேரமாகவே தெரியவில்லை.

இப்போது வியாழன் மதியம் 1:30. கோலாலம்பூரில் மாலை 4, ஜெர்மனியில் குளிர்காலத்தில் காலை 9. எனக்குத்தான் சாப்பாட்டு நேரம் போகிறது. போகட்டும்.

இன்னொன்று. "பார்க்கலாம்" என்று நம் பையன்கள் சொன்னால் நமக்குத் தெரியும், அது நடக்காது என்று. ஜெர்மன்காரர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு தேதி குறித்துவிடுவார். அவர் எல்லோர் முன்னாலும் "இது தவறு, திரும்ப எழுதுங்கள்" என்பார். அவருக்கு அது சாதாரணம். திருநெல்வேலிப் பையன் இரண்டு வாரம் வாயைத் திறக்கமாட்டான். இரண்டு பக்கமும் தனித்தனியாக உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் செவிலியர் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கில் பார்த்தால் அவற்றில்தான் அதிகம். யோசித்துப் பார்த்ததில், அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்தது. 1999-இல் வந்த அவருடைய கட்டுரைக்குப் பிறகுதான் "உளப் பாதுகாப்பு" என்ற சொல் அலுவலகம் அலுவலகமாகப் பரவியது. உங்கள் தளத்தில் ஒரு மாதமாக யாரும் எந்தக் குறையும் சொல்லவில்லை என்றால், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 9:02

எல்லாம் சரி. ஆனால் கொஞ்சம் அதிகமாகப் போகிறது. நான் மரக்கடையும் அறுவை மில்லும் வைத்திருக்கிறேன். ஒடிசா ஆட்கள் பத்து வருடமாக இருக்கிறார்கள். நான் யாரிடமும் மனம்விட்டுப் பேசச் சொன்னதில்லை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூலி கையில் இருக்கும், ஒரு நாள் தவறியதில்லை. அதுவும் அவனவன் கையில். நடுவில் ஆள் பிடித்து வந்தவனிடம் மொத்தமாகக் கொடுத்தால், அவன் எவ்வளவு எடுத்துக்கொள்கிறான் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

முகப்புத்திண்ணைக்கு ஒரு கேள்வி. உங்கள் உள்ளூர்க் கொத்தனாருக்கும் முர்ஷிதாபாத் கொத்தனாருக்கும் ஒரே கூலியா? வெளிமாநிலத்து ஆளுக்கு, அதே வேலைக்கு உள்ளூர் ஆளைவிடக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று 1979-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதைச் செய்யாமல் வேட்டி எடுத்துக் கொடுத்து என்ன பயன்?

முகப்புத்திண்ணை | ஞாயிறு, காலை 11:30

காளவாய் ஐயா, பதிவேட்டைப் பார்த்தேன். "மு-1, மு-2" என்று இருக்கிறது. மு என்றால் முர்ஷிதாபாத். வெட்கமாக இருந்தது. எனக்கு நான்கு பெயர்கள் தெரிந்தன, அதில் ஒன்று தவறு.

கணக்குப்பிள்ளை அண்ணே, ஒரே கூலி இல்லை. ஒரு நாளைக்கு நூறு ரூபாய் வித்தியாசம். அவர்களுக்குத் தங்க இடம் தருகிறோம், அதனால் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எழுதும்போதே அது நல்ல பதிலாகத் தோன்றவில்லை.

பூக்கல் | ஞாயிறு, மதியம் 1:48

ஆத்தங்குடியிலிருந்து. தரையில் பதிக்கும் பூக்கல் வார்க்கும் பட்டறை வைத்திருக்கிறோம், தாத்தா காலத்திலிருந்து.

எங்கள் வேலை தலைகீழ் வேலை. கண்ணாடி மேல் அச்சை வைத்து நிறத்தை முதலில் ஊற்ற வேண்டும், அதற்கு மேல்தான் மணலும் சிமெண்டும். நாம் பார்ப்பது கல்லின் முதுகு. காய்ந்து, தண்ணீரில் ஊறி எடுத்த பிறகுதான் முகம் தெரியும். புதிதாக வந்தவனுக்கு இதை எந்த மொழியிலும் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஒரு வாரம் பக்கத்தில் நிறுத்திக்கொள்வோம். அந்த ஒரு வாரம் கழித்து அவன் அந்நியன் இல்லை. ஆகவே "குழு உணர்வு" என்று தனியாக ஒன்றைச் செய்ய வேண்டுமா என்று எனக்குச் சந்தேகம். யாரை யார் பக்கத்தில் நிறுத்துகிறோம் என்பதில் பாதி வந்துவிடுகிறது. உள்ளூர் ஆட்களை வீட்டின் ஒரு கட்டிலும் வெளியூர் ஆட்களை இன்னொரு கட்டிலும் விட்டால், திங்கட்கிழமை கூட்டத்தில் மட்டும் எப்படி ஒன்றாவார்கள்?

சாப்பாட்டு விஷயம். நம் செட்டிநாட்டு வீடுகளையே பாருங்கள். நகரத்தார் வீட்டில் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் "வேறு வைப்பார்கள்". அதே வீடு, அதே வளவு, அதே சாமி அறை. ஆனால் அவனுக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு, அவன் ஒரு தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். ஒரு கூரைக்குக் கீழே ஏழெட்டு அடுப்பு எரிந்த வீடுகள் உண்டு. யாரும் அதைச் சண்டை என்று சொல்லமாட்டார்கள். கல்யாணம் காட்சி என்றால் மொத்தமும் வளவுக்கு வந்துவிடும்.

நான் முதலில் எல்லோருக்கும் ஒரே மெஸ் வைத்தேன். சாம்பார், ரசம். பீகார்ப் பையன்கள் ஐந்து பேரும் இரண்டு மாதத்தில் இளைத்துப் போனார்கள். பிறகு ஒரு அடுப்பும் சப்பாத்திக் கல்லும் வாங்கிக் கொடுத்தேன். மெஸ் செலவைவிடக் குறைவுதான் ஆனது.

லீவும் அப்படித்தான். தீபாவளிக்கு நான்கு நாள் என்று தாராளமாகச் சொன்னேன். இரண்டு போதும், மீதி இரண்டை ஆறாம் நாளுக்குக் கொடுங்கள் என்றார்கள். சட் பூஜை. ஒருவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்து, சாயங்காலச் சூரியனுக்கும் மறுநாள் காலைச் சூரியனுக்கும் தண்ணீரில் நின்று கும்பிட வேண்டும். எங்கள் ஊருணியில் இறங்கலாமா என்று கேட்டார்கள். குடிதண்ணீர் ஊருணி, யாரும் கால் வைக்கக்கூடாது. அதை அவர்களுக்குச் சொல்ல நான் தயங்கினேன், மனம் புண்படுமோ என்று. சொன்னதும் அவர்கள், "எங்கள் ஊரிலும் குடிக்கிற கிணற்றில் இறங்கமாட்டோம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கண்மாய்ப் பக்கம் போனார்கள். இல்லை என்பதை நேராகச் சொல்லலாம், காரணத்தோடு சொன்னால் போதும்.

தேவகோட்டைப்பெண் | ஞாயிறு, மாலை 5:20

பூக்கல் அண்ணன் சொன்னது அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால்தான் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. தனி அடுப்பு கேட்டவன் கையில் இருந்தால் அது சுதந்திரம். வைப்பவன் கையில் இருந்தால் அது வேறு. நம் பக்கத்து டீக்கடைகளில் சிலருக்கென்று தனித் தம்ளர் வைத்திருந்ததும் "அவரவர் பழக்கம்" என்ற பேரில்தான். தளத்தில் தண்ணீர்ப் பானை எத்தனை இருக்கிறது, யார் எதில் மொள்ளுகிறார்கள் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். வங்காளமும் ராஜஸ்தானும் வருவதற்கு முன்பே நம் தளங்களில் வேறுபாடு இருந்தது. அதற்கு யாரும் கலாசாரப் பன்மை என்று பெயர் வைக்கவில்லை.

அடுத்து, முகப்புத்திண்ணை சார் கொடுத்த பட்டியலை இரண்டு முறை படித்தேன். கொத்தனார் இருக்கிறார், தச்சர் இருக்கிறார், கொச்சி ஆலோசகர் இருக்கிறார், கோலாலம்பூர்ப் பங்காளி இருக்கிறார். அந்தச் சுவருக்கு மண்ணும் சுண்ணாம்பும் சுமந்தது யார்? சித்தாள் ஒருவர்கூட இல்லாமல் கானாடுகாத்தானில் வீடு வேலை நடக்கிறதா? திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு அவர்கள் வருவார்களா? அவர்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா? கட்டடத் தளத்தில் கழிப்பறை வேண்டும் என்பதை 1996-லேயே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். என் அம்மா சித்தாளாக இருந்தவர். காலை எட்டு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்கமாட்டார். ஏன் என்று எனக்குப் பெரியவளான பிறகுதான் புரிந்தது.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, மாலை 6:10

எதைப் பேசினாலும் கடைசியில் சாதியில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறீர்கள். கேட்டது பல மாநில ஆட்களைப் பற்றி.

சுண்ணாம்புக்காளவாய் | ஞாயிறு, மாலை 6:55

பிள்ளை, அந்தப் பெண் சொன்னதில் தப்பு இல்லை. நான் மேஸ்திரியாக இருந்தபோது என் தளத்தில் இரண்டு பானை இருந்தது. நான் வைக்கச் சொல்லவில்லை, எடுக்கவும் சொல்லவில்லை. ஒரு வருசம் வங்காளத்து மால்டாவிலிருந்து வந்த பையன் ஒருவன், அவனுக்கு எது எந்தப் பானை என்று தெரியாது, இரண்டிலும் மொண்டு குடித்துக்கொண்டிருந்தான். யாராலும் அவனுக்கு விளக்க முடியவில்லை. விளக்க வாய் கூசியது. கொஞ்ச நாளில் ஒரு பானை ஆனது. நான் எடுத்தேன் என்று பெருமை பேச ஒன்றும் இல்லை.

ரங்கூன்பேரன் | ஞாயிறு, இரவு 8:30

கூலிக்கும் கழிப்பறைக்கும் நடுவே பழைய கதை பேசுவதற்கு மன்னிக்கவும். நம் பக்கத்து ஆட்களே நூறு வருடம் வெளிநாட்டில் "வெளியூர் ஆட்களாக" இருந்தவர்கள். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று எங்கே போனாலும் கிட்டங்கி, அதாவது கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லோரும் அங்கேயே தங்கி, அங்கேயே கணக்கு எழுதி, நம் ஊர்ச் சமையல்காரர் கையால் சாப்பிட்டுவிட்டு, மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊருக்குத் திரும்புவார்கள். வேலைக்குத் தேவையான அளவு பர்மிய மொழி தெரியும். அதற்கு மேல் கலந்தது குறைவு.

1930-களில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாதபோது, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. பர்மியர்களின் கோபமும் சேர்ந்தே வந்தது. 1942-இல் ஜப்பான் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். என் ஐயா (தாத்தா) நடந்தே வந்தவர். கடைசி வரை பர்மாவைப் பற்றிப் பாசமாகத்தான் பேசுவார். ஆனால் ஒரு பர்மிய நண்பர் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வீட்டில் நிற்கும் தேக்குத் தூணெல்லாம் அங்கிருந்து வந்ததுதானே.

கண்மாய்க்கரை | திங்கள், இரவு 9:05

முதல் முறையாக இங்கே எழுதுகிறேன். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். பிறந்தது முர்ஷிதாபாத் பக்கம். மூன்று வயதில் இங்கே வந்தேன், படித்ததெல்லாம் தமிழ். அப்பா கொத்தனார்.

முகப்புத்திண்ணை அண்ணா, நீங்கள் யார் என்று தெரியாது. ஆனால் உங்கள் சுவரைத் தெரியும். அந்தச் சுவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வருகிறது. அங்கே வேலை செய்யும் ஊர்க்காரர்கள் மீன் வாங்கிக்கொண்டு வருவார்கள், அம்மா கடுகெண்ணெயில் வறுப்பார், அவர்கள் சுவரைப் பற்றிப் பேசுவார்கள். இழையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுதலாமா என்று கேட்டேன். பெயர் இல்லாமல் எழுது என்றார்.

கூட்டத்தில் நீங்கள் தமிழில் கேட்கிறீர்கள். உங்கள் சூப்பர்வைசர்தான் அதை இந்தியில் சொல்கிறார். சிமெண்ட் ஒட்டுப் போடச் சொன்னவரே அவர்தான், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று. "பிரச்சினை உண்டா?" என்ற கேள்வி அவர் வாயிலிருந்து வருகிறது. சுவர் வேர்ப்பதைப் பார்த்தவர் என்ன சொல்வார்? சொன்னாலும் அதைத் தமிழில் உங்களிடம் யார் சொல்வார்?

இன்னொன்றும் அப்பா சொல்லச் சொன்னார். அந்த ஆள் பயந்து மட்டும் இருக்கவில்லை. அவர்கள் ஆறு பேரில் மூத்த மிஸ்திரி ஒருவர் இருக்கிறார். இளையவன் அவரைத் தாண்டி இன்ஜினியரிடம் போய்ப் பேசினால் அது அவரை அவமதிப்பது. நீங்கள் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, இளையவரைப் பார்த்து "நீ சொல்லு" என்கிறீர்கள். மரியாதையாகத்தான் செய்கிறீர்கள். ஆனால் அவருக்கு அது மூத்தவர் முன்னால் செருப்போடு நிற்பது மாதிரி. மூத்தவரைத் தனியாகக் கேளுங்கள். அவர் இளையவரைக் கேட்பார். மறுநாள் பதில் வரும். ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான்.

கடைசியாக, அப்பா சிரித்துக்கொண்டே கேட்டது: முட்டை உடைக்கிற நாளில் மட்டும் ஜெய்ப்பூர்க்காரர்களுக்கு ஏன் காய்ச்சல் வருகிறது என்று உங்களுக்கு இன்னுமா தெரியவில்லை?

ராத்திரிஷிப்ட் | திங்கள், இரவு 9:20

கண்மாய்க்கரை, தங்கச்சி, நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். எங்கள் ஜெர்மன் மேலாளர் இளையவர்களை முதலில் பேசச் சொல்வார், அதுதான் நியாயம் என்று நானும் அப்படியே செய்துகொண்டிருந்தேன்.

முகப்புத்திண்ணை | செவ்வாய், அதிகாலை 5:10

தூக்கம் வரவில்லை.

முட்டை. செட்டிநாட்டுப் பூச்சின் மேல் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு சேரும், அதுதான் அந்தப் பளபளப்பு. அவர்கள் மூவரும் சைவம். முட்டையைக் கையால் தொடமாட்டார்கள். ஆர்க்கிடெக்ட் அவர்களைத் தேர்ந்தெடுத்ததே அவர்கள் ஊர் "ஆராயிஷ்" பூச்சு நம் பூச்சைப் போலவே கண்ணாடி மாதிரி வரும் என்பதற்காகத்தான். சலவைக்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்து பூசி, அகேட் கல்லால் தேய்த்து, கடைசியில் தேங்காயால் மெருகேற்றுவார்கள். முட்டையே வேண்டாம் அவர்களுக்கு. மாதம் மூன்று நாள் லீவு போடுகிறார்கள், சோம்பேறிகள் என்று பங்காளிகளிடம் நான் மின்னஞ்சலில் எழுதியிருக்கிறேன். அவர்கள் முன்னால் பிரியாணியையும் வைத்திருக்கிறேன்.

தேவகோட்டைப்பெண் அவர்களுக்கு: சித்தாள்கள் ஏழு பேர். பட்டியலில் எழுத மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுதான் உண்மை, அதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை. கழிப்பறை அலுவலக அறையோடு ஒன்று இருக்கிறது, ஆர்க்கிடெக்ட் வரும்போது திறப்போம்.

சுண்ணாம்புக்காளவாய் | செவ்வாய், காலை 6:00

சாவியை முதலில் அந்தப் பெண்களிடம் கொடு. மற்றதை அப்புறம் பேசலாம்.

இன்னொன்று செய். எல்லோர் கையிலும் ஒரு கரித்துண்டு கொடுத்துவிடு. எங்கே ஈரம், எங்கே வெடிப்பு, எங்கே சந்தேகமோ அங்கே ஒரு வட்டம். யார் போட்டது என்று கேட்காதே. நீ போய்ப் பார், பார்த்த பிறகு வட்டத்தை நீயே அழி. கையெழுத்தும் வேண்டாம், பாஷையும் வேண்டாம். நாங்கள் அந்தக் காலத்தில் தூலத்தில் செல் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்து இப்படித்தான் குறி போடுவோம்.

முட்டை விஷயத்துக்கு நான் வேண்டுமானால் ஒரு நடை வருகிறேன். அந்த ஜெய்ப்பூர்க்காரன் கல்லை நான் பார்க்க வேண்டும்.

முகப்புத்திண்ணை | நான்கு வாரம் கழித்து, சனி, இரவு 10:15

என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள்.

கூலி வித்தியாசத்தை எடுத்துவிட்டோம். கோலாலம்பூர்ப் பங்காளி உடனே சம்மதித்தார், இங்கே இருப்பவர்தான் ஒரு வாரம் முனகினார். பணம் இப்போது அவரவர் கையில். ஆள் பிடித்து வந்தவர் கோபித்துக்கொண்டு இரண்டு பேரை வேறு தளத்துக்குக் கூட்டிப்போய்விட்டார், அது நஷ்டம்தான். சூப்பர்வைசரை நீக்கவில்லை. நீக்கச் சொல்லிச் சென்னைப் பங்காளி சொன்னார். சீக்கிரம் முடி என்று அவரை நெருக்கியது நான். மொழிபெயர்ப்பை மட்டும் அவரிடமிருந்து எடுத்துவிட்டேன். கண்மாய்க்கரையின் அப்பா வாரம் இரண்டு மாலை வருகிறார், அதற்குத் தனிக்கூலி.

திங்கட்கிழமைக் கூட்டம் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஏழு மணி நடைதான் இப்போது உண்மையான கூட்டம். மூத்த மிஸ்திரியோடு ஒரு நாள், கொத்தனார்களோடு ஒரு நாள், சித்தாள்களோடு ஒரு நாள். சித்தாள்களோடு நடந்த முதல் நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வாரம் ஒரு அக்கா, "சாரத்தில் மூணாவது பலகை ஆடுது, பத்து நாளாச்சு" என்றார். பத்து நாளாக அதன் மேல் நானும் நின்றிருக்கிறேன்.

காளவாய் ஐயா வந்தார். ஜெய்ப்பூர்ப் பெரியவரும் அவரும் அரை நாள் ஒருவர் கல்லை ஒருவர் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே மனதாகிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முட்டை இல்லாமல் பூசினால் அது செட்டிநாட்டுப் பூச்சே இல்லை என்று ஐயா சத்தம் போட்டார். ஜெய்ப்பூர்ப் பெரியவரும் அவர் மொழியில் ஏதோ சத்தம் போட்டார். கடைசியில் வளவுக்கு நம் பூச்சு, நம் கொத்தனார்கள் கையால். இரண்டாம் கட்டுக்கு ஆராயிஷ். இரண்டு குழுவிலும் மற்றவருடைய ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஜெய்ப்பூர்க்காரர்கள் தனியாகத்தான் சமைக்கிறார்கள், அடுப்பு அவர்களே கேட்டு வாங்கியது. தண்ணீர்ப் பானை ஒன்றுதான். அதில் யார் மொள்ளுகிறார்கள், யார் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவருகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் பாட்டில் கொண்டுவருகிறார்கள். அதற்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

கரித்துண்டு கொடுத்தேன். முதல் வாரம் ஒரு வட்டமும் இல்லை, சூப்பர்வைசர் சிரித்தார். இரண்டாம் வாரம் மூன்று. இன்று மாலை புறப்படும்போது அடுப்படி வாசல் பக்கம், முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன வட்டம். கொத்தனார் நின்று போட்டால் அந்த உயரத்தில் வராது. கையை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருக்கிறது. திங்கட்கிழமை அந்த இடத்தைக் கொத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.